வீடு செட்டில் ஆகிறதா, சேதமாகிறதா?

கேள்வி: தரைத்தளமும் முதல் மாடியுமாக வீடு கட்டிக் குடிவந்து 3 வருடம் ஆகிறது. முதல் வருடமே பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடங்களில் மேலிருந்து கீழாக மெல்லிய விரிசல் வந்தது. மாடியில் கூரைக்குச் சற்றுக் கீழே, சுவர் நீளத்துக்கும் படுக்கைவாட்டில் ஒரு விரிசல். இவை போக, கீழே மூலைப் படுக்கையறையில் ஜன்னலின் மேல் முனையிலிருந்து ஒரு விரிசல் வீட்டு மூலையை நோக்கிச் சாய்வாக ஏறுகிறது. இரண்டு முறை பட்டி வைத்து பெயின்ட் அடித்தோம். போன மழைக்குப் பிறகு முன்னைவிட அகலமாகத் திறந்துகொண்டது. அதே அறையின் கதவும் இப்போது மேலே இடிக்கிறது. கட்டித்தந்த மேஸ்திரி, "புது வீடுன்னா செட்டில் ஆகத்தான் செய்யும், பயப்படாதீங்க" என்கிறார். உறவினர் ஒருவரோ, "அஸ்திவாரமே போயிடுச்சு" என்று பயமுறுத்துகிறார். யாரை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதிலும் ஆளுக்குப் பாதி சரி. நீங்கள் எழுதியிருக்கும் நான்கில் முதல் இரண்டுக்கும் அஸ்திவாரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. அவற்றை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஜன்னல் விரிசலும் கதவு இடிப்பதும் ஒரே அறையில் சேர்ந்து வந்திருக்கின்றன, அதுவும் வீட்டின் மூலையில். அதைப் பட்டி வைத்து மறைக்கக் கூடாது. நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கவலை வேண்டாதவற்றை முடித்துவிடலாம். கான்கிரீட் காயும்போது சுருங்கும். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட 0.3 முதல் 0.6 மி.மீ. வரை சுருங்கலாம், அதில் பெரும்பகுதி முதல் ஓரிரு வருடத்திலேயே முடிந்துவிடும். செங்கல் சுவர் அதே அளவு சுருங்காது. வெயிலுக்கு விரிவதிலும் இரண்டும் ஒன்றுபோல இல்லை. இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் இரண்டையும் மேலே பூசிய அரை அங்குலப் பூச்சு மட்டும் பிடித்து வைத்திருக்க முடியாது, சேரும் இடத்தில் நேர்க்கோடாகப் பிளந்துகொள்ளும். பூசும்போதே அந்த இடத்தில் சிக்கன் மெஷ் வலை வைத்திருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கும். இப்போதும் தாமதமில்லை. விரிசலின் இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை எடுத்துவிட்டு, வலை அடித்து, மறுபடி பூசினால் போதும்.

கூரைக்குக் கீழே உள்ள விரிசல் வெயிலின் வேலை. ஒரு மீட்டர் கான்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு 0.01 மி.மீ. விரியும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். 10 மீட்டர் நீளக் கூரை, விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் நடுவில் 30 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. நீள வேண்டும். கீழே நிழலில் இருக்கும் சுவர் அதோடு சேர்ந்து நீளாது. தினமும் இந்த இழுபறி நடந்தால் கூரையும் சுவரும் சேரும் வரியில் விரிசல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மேல் மாடியில் மட்டும் இருக்கிறதா, சுவரின் கோடியில் கூடுதலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் மொட்டை மாடியில் வெயில் தாங்கும் பூச்சோ தட்டோடோ போட்டுச் சூட்டைக் குறையுங்கள். விரிசலில் சிமென்டை அடைக்காதீர்கள், நெகிழ்ந்து கொடுக்கும் சீலன்ட் வையுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. படுக்கைவாட்டு விரிசல் எல்லாமே சாது அல்ல. கூரையை ஒட்டி இல்லாமல் சுவரின் நடு உயரத்தில் ஓடி, சுவரும் வயிறு தள்ளியதுபோல் புடைத்திருந்தால், பக்கவாட்டிலிருந்து ஏதோ தள்ளுகிறது என்று பொருள். மண் அணைத்திருக்கும் சுவர்களிலும் மதில்களிலும் இதைப் பார்க்கலாம். அதற்கு உடனே ஆள் வேண்டும்.

ஆக, உங்கள் மேஸ்திரி செட்டில் ஆவதாகச் சொன்ன விரிசல்களில் பாதி சுருக்கமும் சூடும்தான். பொதுவாகவே புது வீட்டு விரிசல்களில் பெரும்பங்கு இப்படித்தான் இருக்கும். மண் உண்மையிலேயே அமுங்கி வீடு இறங்குவது வேறு விஷயம்.

எந்தக் கட்டிடமும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அத்தனை எடையைத் தூக்கி மேலே வைத்தால் மண் நெருங்காமல் என்ன செய்யும்? ஆனால் முழு வீடும் ஒரே அளவு இறங்கினால் சுவருக்கு அது தெரியவே தெரியாது. மெக்சிகோ நகரத்தில் பெயாஸ் ஆர்டெஸ் என்ற கலை மாளிகை ஏரிக் களிமண்ணின் மேல் நிற்கிறது. கட்டத் தொடங்கிய நாளிலிருந்து சில மீட்டர் கீழே போயிருக்கிறது, இன்றும் உள்ளே நிகழ்ச்சி நடக்கிறது. ஆபத்து வருவது ஒரு மூலை மட்டும் மற்றதைவிடக் கூடுதலாக இறங்கும்போது. பீசா கோபுரம் சாய்ந்ததும் அப்படித்தான், ஒரு பக்க மண் இன்னொரு பக்கத்தைவிட அதிகம் அமுங்கியதால். 1956-ல் ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்ற இரு பொறியாளர்கள் பல கட்டிடங்களின் அளவுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கை இன்றும் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கிறோம். இரண்டு தூண்களுக்கு நடுவிலான இறக்க வித்தியாசம், அவற்றின் இடைவெளியில் 300-ல் ஒரு பங்கைத் தொட்டால் சுவரில் விரிசல் எதிர்பார்க்கலாம். 150-ல் ஒரு பங்கு என்றால் தூண், பீம் வரை சேதம் போகலாம். 3 மீட்டர் இடைவெளிக்கு முதலாவது 10 மி.மீ., இரண்டாவது 20 மி.மீ. விரல் தடிமன்தான்.

இன்னொன்று காலம். மணற்பாங்கான தரையில் இறக்கம் பெரும்பாலும் கட்டும்போதே முடிந்துவிடும், சுவர் எழ எழ மண்ணும் நெருங்கிவிடும். களிமண் அப்படி இல்லை. அதன் நுண்துளைகளில் நிற்கும் நீர் பிதுங்கி வெளியேறினால்தான் அது அமுங்கும், அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். 1925-ல் டெர்சாகி என்ற மண் பொறியாளர் இதைக் கணக்காக எழுதி வைத்தார். அதனால் 3-ஆம் வருடத்தில் வீடு செட்டில் ஆகிறது என்று மேஸ்திரி சொல்வதைப் பொய் என்று தள்ள மாட்டேன். ஆனால் இயல்பான இறக்கத்துக்கு ஒரு குணம் உண்டு: நாளாக நாளாக வேகம் குறைந்துகொண்டே போகும். முதல் வருடம் அதிகம், இரண்டாம் வருடம் குறைவு, அப்புறம் கண்ணுக்கே தெரியாது. உங்கள் ஜன்னல் விரிசல் இதற்கு நேர்மாறாக, 3-ஆம் வருடத்தில் முன்னைவிட அகலமாகியிருக்கிறது. மேஸ்திரியின் விளக்கம் எனக்கு இடிப்பது இங்கேதான்.

சரி, அந்த விரிசலைப் படிப்போம். செங்கல் சுவரில் சாய்வு விரிசல் பொதுவாக இறங்கும் பக்கத்தை நோக்கி மேலேறும். உங்களுடையது வீட்டு மூலையை நோக்கி ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த மூலை மீது சந்தேகம் வருகிறது. அகலம் எங்கே கூடுதல் என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஊசிமுனையாகவும் இருந்தால் கோடிப் பக்கம் இறங்கி வெளியே சாய்கிறது. கீழே அகலமாக இருந்தால் சுவரின் நடுப்பகுதி தொய்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், மயிரிழைதான் என்றால் என் சந்தேகம் நிறையக் குறைந்துவிடும். ஜன்னல் முனையில் எப்போதும் இழுவிசை குவியும், வெறும் சுருக்கத்தாலேயே அங்கே சின்னதாக ஒரு சாய்வு விரிசல் வரும். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் இரு பக்கமும் சுவர் மேல் போதிய அளவு உட்காராவிட்டாலும் அதே இடத்தில் வரும்.

அடுத்து வெளியே போய் அதே சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். விரிசல் அங்கும் அதே இடத்தில் தெரிந்தால் அது சுவரையே பிளந்திருக்கிறது. உள்ளே மட்டும்தான் என்றால், ஒரு கையகலம் பூச்சைத் தட்டி எடுத்துப் பார்க்கலாம். செங்கல் வரை போகாமல் பூச்சோடு நின்றிருந்தால் பிரச்சினை பூச்சில்தான். கலவை இணைப்புகள் வழியாகப் படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தாலோ, செங்கல்லே இரண்டாகியிருந்தாலோ சுவர் நகர்ந்திருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு: விரிசலின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு விரலை இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தட்டினால் சுவர் பிளந்ததோடு, ஒரு பகுதி சுவரின் நேர்மட்டத்தை விட்டும் வெளியே வந்திருக்கிறது. வெறும் பிளவைவிட அது மோசம்.

கதவுக்கு வருவோம். மழைக்காலத்தில் மரக்கதவு ஈரம் குடித்து உப்புவது சகஜம், வெயில் வந்ததும் தானே சரியாகும். நிலைச்சட்டமே கோணலாகியிருந்தால் சரியாகாது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு டேப் போதும். நிலையின் இடது மேல் முனையிலிருந்து வலது கீழ் முனைக்கும், வலது மேல் முனையிலிருந்து இடது கீழ் முனைக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். வீட்டில் நன்றாகத் திறந்து மூடும் இன்னொரு கதவையும் அளந்து ஒப்பிடுங்கள், பதித்தபோதே கொஞ்சம் கோணலாக வைத்த கேஸ்களும் நிறைய. மூடிய கதவுக்கு மேலே தெரியும் இடைவெளி ஒரு கோடியில் தாராளமாகவும் மறு கோடியில் அடைத்தும் ஆப்பு வடிவில் இருந்தால் சட்டம் சாய்ந்திருக்கிறது. தயவுசெய்து இழைப்புளி போடும் முன் அளந்துவிடுங்கள். தச்சர் இழைத்துத் தள்ளிவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும்.

தரையில் கோலியை உருட்டிப் பார்த்துவிட்டு வீடு சாய்ந்துவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. டைல்ஸ் பதிக்கும்போதே அந்தச் சரிவு வந்திருக்கலாம், அதனால் கோலியை நம்ப வேண்டாம். அதேபோல் தரை மட்டும் இறங்கி, சுவர் ஓரத்து ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே சந்து விட்டிருந்தால், உள்ளே நிரப்பிய மண்ணைச் சரியாகத் தண்ணீர் விட்டுத் திமிசு போடவில்லை என்று அர்த்தம். அசிங்கமாக இருக்கும், செலவும் வைக்கும். ஆனால் சுவரைத் தாங்கும் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், அதிலிருந்து வேறு.

இப்போது முக்கியமான வேலை, கண்காணிப்பு. விரிசலின் இரண்டு கோடியிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் நீண்டால் கோட்டைத் தாண்டும். அகலத்துக்கு, விரிசலுக்கு இரு பக்கமும் ஒரு சின்ன ஆணியோ திருகோ பதித்து, இரண்டுக்கும் நடுவிலான தூரத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து குறித்து வையுங்கள். காலிப்பர் இல்லையென்றால் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே எபாக்ஸி பசை வைத்து இரு பக்கமும் ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகர்கிறதா இல்லையா என்று மட்டும்தான் அது சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதனால் நான் ஆணியையே விரும்புவேன். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை அளந்தால் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், காலை என்றால் காலையில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலின் ஏற்ற இறக்கத்தை வீட்டின் நகர்வாக எண்ணிவிடுவீர்கள். பக்கத்தில் அன்றைய மழை, வெயிலையும் ஒரு வார்த்தை எழுதுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

வாரத்துக்கு வாரம் கூடிக் குறைந்து, வருடக் கடைசியில் பழைய எண்ணுக்கே வந்து நின்றால் அது பருவத்தோடு மூச்சு விடும் விரிசல். கரிசல் போன்ற களிமண்ணில் இது மிகச் சாதாரணம்: மண் ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும், சுவர் அதோடு ஆடும். தொந்தரவுதான், ஆனால் அது வேறு வைத்தியம். குறையாமல் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால்தான் தீவிரம். ஒரு மாதத்தில் 1 மி.மீ. கூடியதைக் கண்டால், வருடம் முடியட்டும் என்று நான் காத்திருக்க மாட்டேன்.

அகலத்துக்கும் ஒரு பொது அளவு இருக்கிறது. பர்லாண்டு என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் 1977-ல் வகுத்தது, பிறகு பிரிட்டனின் கட்டிட ஆராய்ச்சி நிலையம் எடுத்துக்கொண்டது. அதன்படி 1 மி.மீ. வரை அற்பம், 5 மி.மீ. வரை லேசானது, 5 முதல் 15 வரை நடுத்தரம். கதவு ஜன்னல் இடிக்கத் தொடங்குவதை இந்த நடுத்தரத்தில்தான் வழக்கமாக வைக்கிறார்கள். 15-ஐத் தாண்டினால் கடுமை. பீசா கோபுரம் மேலும் சாயாமல் நிலைநிறுத்திய குழுவிலும் இதே பர்லாண்டு இருந்தார் என்பது கூடுதல் தகவல். ஆனால் இந்த அளவு சுவர்களுக்கு மட்டும்தான், அகலம் மட்டும் கதை முழுவதையும் சொல்வதும் இல்லை. 6 மி.மீ. விரிசல் ஐந்து வருடமாக அசையாமல் இருந்தால் எனக்குப் பயமில்லை. 2 மி.மீ. விரிசல் மாதாமாதம் வளர்ந்தால் பயம்தான்.

தூணும் பீமும் தனிக்கதை. பீமின் நடு அடியில் மயிரிழை விரிசல் கணக்கில் எதிர்பார்த்ததே, 0.3 மி.மீ. வரை பொதுவாக ஏற்பார்கள். ஆனால் பீம் தூணில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வான விரிசல், தூணில் கான்கிரீட் நொறுங்கி உதிர்தல், கூரை தொய்தல், ஒரே நாளில் பல கதவுகள் இறுகிக்கொள்ளுதல், வெடிக்கும் சத்தம் இவற்றில் எது வந்தாலும் அளந்துகொண்டு உட்காராதீர்கள். வெளியே வந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அடுத்த மனையில் ஆழமாகக் குழி தோண்டிக்கொண்டிருக்கும் சமயத்தில் புதிதாக விரிசல் வந்தாலும் இதே அவசரம். கம்பி ஓடும் வரியிலேயே விரிசல் ஓடி, பழுப்புக் கறையும் இருந்து, தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் போலச் சத்தமும் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும், அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. இது நிற்காமல் வளரும் நோய்.

உங்கள் மூலைக்குத் திரும்புவோம். மழைக்குப் பிறகு கூடியது என்பதால் என் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். மொட்டை மாடி மழைக்குழாய் அந்த மூலையில்தான் இறங்குகிறதா? அதன் வாய் கடைக்காலை ஒட்டியே கொட்டுகிறதா? பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், புதைத்த குழாய் ஏதாவது கசிகிறதா? மனையின் அந்தப் பகுதி முன்பு பள்ளமாக இருந்து மண் நிரப்பியதா? நிரப்பிய மண் காய்ந்திருக்கும்வரை கெட்டியாகத் தெரியும், நன்றாக நனைந்ததும் படாரென்று உட்கார்ந்துவிடும். இந்த நான்கு கேள்விக்கும் பதில் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே கிடைக்கும். அடுத்த மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பெரிய மரம் பக்கத்தில் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். களிமண்ணில் மரம் குடித்துக்கொண்டிருந்த நீர் திரும்ப மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, வேறு இடத்தில் விரிசல் விடும்.

மழைக்குழாயைத் தள்ளிக் கொண்டுபோய் விடுவது, கசிவை அடைப்பது, சுற்றிலும் தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவுத் தளம் போடுவது இவற்றை யாரையும் கேட்காமல் இப்போதே செய்யலாம். பல வீடுகளில் இதோடு விரிசல் நின்றுவிடும்.

பொறியாளரைக் கூப்பிடத்தான் வேண்டும், அதில் இரண்டு யோசனை இல்லை. கட்டமைப்புப் பொறியாளராக இருக்க வேண்டும், விரிசல் அடைக்கும் ரசாயனம் விற்பவரோ அந்தக் கான்ட்ராக்ட் எடுப்பவரோ வேண்டாம். ரிப்பேரில் லாபம் உள்ளவரிடம் ரிப்பேர் வேண்டுமா என்று கேட்டால் என்ன பதில் வரும்? வீட்டின் வரைபடம், கடைக்கால் எவ்வளவு ஆழம் போட்டது, மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அறிக்கை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேவைப்பட்டால் அந்த மூலையில் கடைக்காலை ஒட்டி ஒரு குழி தோண்டிப் பார்க்கச் சொல்வார். அதை அவர் முன்னால்தான் தோண்ட வேண்டும், மேஸ்திரி தானாகத் தோண்ட விடாதீர்கள். "எது இறங்குகிறது, ஏன், இன்னும் இறங்குகிறதா" என்ற மூன்றுக்கும் அவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லாமல் கடைக்காலுக்கு அடியில் கான்கிரீட் கொடுத்துத் தூக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் இன்னொருவரையும் கேளுங்கள். அது கடைசி வைத்தியம், பெரிய செலவு. ஒரு மூலையை மட்டும் கெட்டியாக்கினால், மீதி வீடு அசையும்போது சேரும் இடத்தில் புது விரிசல் வரவும் வாய்ப்பு உண்டு.

ஜன்னல் விரிசலில் மூன்றாம் முறை பட்டி வைக்கும் எண்ணம் இருந்தால் ஒத்திப்போடுங்கள். தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். அளவு நின்றது என்று பொறியாளரும் சொன்னால், பூச்சை எடுத்து, செங்கல் உடைந்த இடங்களை மறுபடி பிணைத்து, வலை வைத்துப் பூசிக்கொள்ளலாம். அதற்குள் பூச்சி வருகிறது, மழைச்சாரல் வருகிறது என்றால் வெளிப்பக்கம் மட்டும் சீலன்ட் வைத்து மூடுங்கள், உள்பக்கம் திறந்தே இருக்கட்டும்.